சோற்றைக் குறைத்தும் எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: வணக்கம். என் வயது 42, உயரம் 165 செ.மீ., எடை 71 கிலோ. மூன்று மாதங்களாக மதியச் சோற்றைப் பாதியாகக் குறைத்தும் எடை அசையவில்லை. வேலை முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடுவதால், பசி தாங்காமல் நான்கு முறுகல் தோசைகளைத் தேங்காய்ச் சட்னியுடன் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிடுகிறேன். தவறு எங்கே இருக்கிறது?

பதில் 1: சோற்றில் குறைத்ததைத் தோசைக்கல்லில் திரும்பப் பெறுகிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 45 கலோரி உண்டு. தோசைக்கு ஒன்று என்று வைத்தாலும் எண்ணெய் மட்டுமே 180 ஆகிறது, சட்னித் தேங்காய் தனிக்கணக்கு. அதே மாவை இட்லியாக ஊற்றிச் சாம்பாருடன் சாப்பிட்டுப் பாருங்கள்.

பதில் 2: நண்பர் சொன்னது சரி. ஆனால் இரவுப் பசிக்குக் காரணம் மாலை வெறும் வயிறு. ஆறு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டால், ஒன்பது மணிக்கு மூன்று இட்லியே போதும். எடையோடு இடுப்பையும் அளந்து வாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எல்லை.

கேட்டவர்: நன்றி. இப்போதுதான் அளந்தேன், 96. மாலைத் தேநீருடன் வடை உண்டு என்பதை எழுத மறந்துவிட்டேன்.

பதில் 1: அதை மறக்கவில்லை, மறைத்தீர்கள்!