இல்லாத நாதஸ்வரம்: பக்கத்து ஸ்டேஷன் நம் ரிசீவருக்குள் புகுந்த கதைகள்

பாளைக்காரன்:

ரெண்டு வருஷம் ஆகிவிட்டது. இன்னும் ஞாயிறு காலை மைக்கைக் கையில் எடுத்தால் இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

ஹாம் ரேடியோக்காரர்கள், அதாவது லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக வானலையில் பேசுகிறவர்கள், 80 மீட்டர் பட்டையில் ஆறு மணி சுமாருக்கு நாலைந்து பேர் கூடுவோம். அந்தக் கூட்டத்துக்கு நெட் என்று பேர். வழக்கமான இடத்தில் அன்று இரைச்சல், அதனால் யாரோ 3591 கிலோஹெர்ட்ஸுக்கு மாறச் சொன்னார்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்த ஒரு பையன் அன்றுதான் முதன்முதலாக நெட்டுக்கு வந்திருந்தான். நடுங்கிக்கொண்டே பேர், ஊர், ஆன்டெனா எல்லாம் சொல்கிறான். அவன் குரலுக்குப் பின்னால் நாதஸ்வரம் ஓடுகிறது. நல்ல நாதஸ்வரம் இல்லை, தொண்டை கட்டிய நாதஸ்வரம். மேல் ஸ்தாயி போகும்போதெல்லாம் கிழிகிறது.

நான் உடனே, "தம்பி, மைக் பக்கத்துல ரேடியோ ஓடுது பாருங்க, முதல்ல அதை அணைங்க" என்றேன். "சார், எங்க வீட்ல ரேடியோவே ஓடல சார்" என்றான். நான் விடவில்லை. பாட்டு போடுவது விதிமீறல், லைசென்ஸ் போய்விடும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவன் மைக்கை விட்ட பிறகும் நாதஸ்வரம் நிற்கவில்லை என்பது என் மண்டையில் ஏற அரை நிமிஷம் ஆனது. மற்றவர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் பாட்டு கேட்கவில்லை.

சமையலறையில் அம்மாவின் டிரான்சிஸ்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளூர் வானொலி, 1197 கிலோஹெர்ட்ஸ். அதே நாதஸ்வரம், அதே இடத்தில் அதே பிர்கா. 1197-ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

ஸ்டேஷன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் ரிசீவரின் முன்வாசல்தான் அத்தனை சிக்னலைத் தாங்க முடியாமல் பிதுங்கி, மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஒரு பேய்ச் சிக்னலை அதுவாகவே உற்பத்தி செய்திருக்கிறது. உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அட்டென்யூவேட்டர் பொத்தானை அமுக்கியதும் தெரிந்துவிட்டது. 10 டெசிபெல்தான் குறைத்தேன், பேய் சிக்னல் மீட்டரில் எஸ் 9-லிருந்து எஸ் 4-க்கு விழுந்தது. நெட்டில் பேசியவர்கள் ரெண்டு கோடுகூட இறங்கவில்லை.

அந்தப் பையன் அதற்கப்புறம் நெட்டுக்கு வரவே இல்லை.

உப்பளத்துக் காது:

அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு ஸ்டேஷன்தான். எனக்கு ரெண்டு.

நான் தூத்துக்குடி. இங்கே வானொலி நிலையம் 1053-ல், 200 கிலோவாட். எனக்கோ பைத்தியம் 500 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே: விமான நிலையங்களின் வழிகாட்டிச் சிக்னல்கள், 137-ல் வெளிநாட்டு ஹாம்கள், இப்படி. மொட்டைமாடியில் ஒரு குட்டி விப் (குச்சி) ஆன்டெனா, அடியில் ஜே310 டிரான்சிஸ்டர் வைத்த ஆம்ப்ளிஃபையர். முதல் ராத்திரி 137-ஐத் தேடிக் கொஞ்சம் மேலே போனேன். 144-ல் ஒரு ஸ்டேஷன்! நீண்ட அலையில் தமிழா என்று தூக்கிவாரிப்போட்டது. ஒரு குரல் நெல்லுக்கு என்ன உரம் என்கிறது. அதே மூச்சில் இன்னொரு குரல் சினிமாப் பாட்டு பாடுகிறது. ரெண்டும் தனித்தனியாக இல்லை, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, உரம் சத்தமாகும்போது பாட்டு நசுங்கியது.

1197-லிருந்து 1053-ஐக் கழித்தால் 144. கணக்கு போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது. மூன்று வாரம் ஒரு லோ பாஸ் ஃபில்டர் சுற்றினேன், மேல் அதிர்வெண்களைத் தடுத்துக் கீழே உள்ளதை மட்டும் விடுவது. ரிசீவருக்கு முன்னால் போட்டேன். துளிகூடக் குறையவில்லை. ஏன் என்றால் கலப்பு நடந்தது ரிசீவரில் இல்லை, மாடியில் அந்த ஜே310-இலேயே. கீழே என் ஃபில்டருக்கு வந்து சேர்ந்தது 144-ல் பிறந்து முடிந்த குழந்தை. அதை எந்த ஃபில்டர் தடுக்கும்?

கடைசியில் விப்பைக் கழற்றிவிட்டு மரச்சட்டத்தில் ஒரு லூப் (வளைய ஆன்டெனா) சுற்றினேன். திருப்பித் திருப்பி 1053 அமுங்கும் திசையில் நிறுத்தினேன். 1197 அப்படியேதான் இருந்தது, ஆனால் 144 காணாமல் போனது. ரெண்டு பேர் சேர்ந்தால்தானே சண்டை, ஒருத்தரை வெளியே அனுப்பினால் போதும். அந்த மூன்று வாரத்தில் பாழான எனாமல் கம்பி இன்னும் அலமாரியில் கிடக்கிறது, வீட்டில் அதைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்கள்.

பழைய வால்வு:

தம்பிகளா, எனக்கும் ஒன்று உண்டு. சென்னையில் 720 வானொலி நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தபோது டெலிபோன் ரிசீவரிலேயே செய்தி கேட்டது. அவ்வளவுதான் கதை. நீங்கள் செய்திருக்க வேண்டியது என்ன என்று சொல்கிறேன்.

முதலில் ப்ரீ ஆம்ப்பை, அதாவது ரிசீவரின் வாசலில் சிக்னலைப் பெரிதாக்குவதை, அணையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே அது எதற்கு? அங்கே வானத்து இரைச்சலே ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு. இரைச்சலையும் சிக்னலையும் சேர்த்துப் பெரிதாக்கி என்ன லாபம்? ஆர்எஃப் கெயினை (ரிசீவர் முன்பக்கத்தின் பெருக்கத்தை) இறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அந்தக் குமிழைத் தொடுவதே இல்லை.

பாளைக்காரன் தம்பிக்கு ஃபில்டர்கூட வேண்டாம், அந்த ஒரு ஸ்டேஷனை மட்டும் பிடித்து எர்த்துக்கு அனுப்பும் பொறி போதும். 100 மைக்ரோஹென்றி காயில் ஒன்று, அதோடு தொடராகப் பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய, திருப்பினால் அளவு மாறும் கேங் கண்டென்சர். ஆன்டெனா முனைக்கும் எர்த்துக்கும் நடுவே வையுங்கள். 1197-க்கு ஏறக்குறைய 177 பிக்கோஃபாரட் வரும், தூத்துக்குடித் தம்பியின் 1053-க்கு 228. காயில் நல்ல காயிலாக இருந்தால் 15 டெசிபெல் தேறும். 15 என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். மூலச் சிக்னல் 15 குறைந்தால் மூன்று மடங்குப் பேய் 45 குறையும். அட்டென்யூவேட்டரில் நீங்கள் பார்த்த அதே கணக்கு. ரெண்டு மடங்குப் பேயாக இருந்தால் 30. உங்கள் 3.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலுக்கு அந்தப் பொறி இருப்பதே தெரியாது.

காயிலைத் தகர டப்பாவில் போடுங்கள், ஆனால் டப்பா காயிலை ஒட்டி இருக்கக் கூடாது. கேங்கைக் கையால் திருப்பினால் கை பட்டு நகரும், நீள பிளாஸ்டிக் குச்சி வையுங்கள். கேங் கிடைக்காது என்று சொல்லாதீர்கள், சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் விற்பவரிடம் நின்று பொறுமையாகக் கிளறினால் கிடைக்கும். அப்புறம் கம்ப்யூட்டரில் செருகும் இந்த யுஎஸ்பி டாங்கிள் ரிசீவர்களை விட்டுத்தொலையுங்கள். 8 பிட்டில் என்ன கேட்கப்போகிறீர்கள்? ஏட்டுக் கணக்கில் அது ஒரே நேரத்தில் தாங்கும் வீச்சு 50 டெசிபெல், அதில் முக்கால்வாசியை உள்ளூர் ஸ்டேஷனே தின்றுவிடும்.

எதுவாக இருந்தாலும் ஃபில்டரும் பொறியும் போட்டால் தீராத பேய் கிடையாது.

மலைக்கோட்டை:

வால்வு ஐயா, அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்ள மாட்டேன். பட்டிருக்கிறேன்.

திருச்சியில் 936. ரெண்டால் பெருக்கினால் 1872. நமக்கு அப்போது 160 மீட்டர் பட்டையில் 1820-லிருந்து 1860 வரைதான், ஆனால் வெளிநாட்டுக்காரர்களைக் கேட்க அதற்கு மேலேயும் போவோமே, அங்கே உட்கார்ந்திருந்தது. நீங்கள் சொன்ன பொறி, கீழ் அதிர்வெண்களைத் தடுக்கும் ஏழு உறுப்பு ஹை பாஸ் ஃபில்டர், எல்லாம் போட்டாயிற்று. அட்டென்யூவேட்டர் 10 போட்டால் பேயும் சரியாக 10-தான் இறங்கியது. உள்ளே உண்டாகியிருந்தால் 20 இறங்கியிருக்க வேண்டும். அப்படியென்றால் அது நிஜமாகவே காற்றில் வருகிறது. ஸ்டேஷனே அனுப்புகிறதோ என்று பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு ரெண்டு தெரு தள்ளிப் போனேன். அங்கே இல்லை. என் வீட்டைச் சுற்றி மட்டும்தான்.

ஒரு சனிக்கிழமை காலை ஜன்னலோரம் ஹெட்ஃபோனோடு இருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி மாடியில் துணி காயப்போட வந்தார். ஈரச் சேலையைக் கொடிக்கம்பியில் வீசினார், என் காதில் 1872 பட்டென்று அறுந்தது. சேலையை இழுத்துச் சரிசெய்தார், திரும்ப வந்தது. கிளிப் குத்தினார், கரகர. நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்தது பாவாடை, அதற்கும் ஒரு கரகர.

அந்தக் கம்பியின் ஒரு முனை பழைய டிவி ஆன்டெனா குழாயில் கட்டியிருந்தது. குழாய் முழுக்கத் துரு. துருப்பிடித்த மூட்டு அரைகுறை டையோடு மாதிரி, கம்பி ஆன்டெனா மாதிரி. 936-ஐ வாங்கி 1872-ஆகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. என் ஃபில்டர் பாவம் என்ன செய்யும்? பாட்டியிடம் இதை எப்படி விளக்குவது என்று ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் "கம்பி துருப்பிடிச்சிருக்கு பாட்டி, சேலையில கறை படும்" என்று சொல்லி நைலான் கயிறு வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். தீபாவளிக்கு முறுக்கு வந்தது.

கண்ணாடிக்குழல்:

எல்லாரும் பேய் பேய் என்கிறீர்கள். எனக்கென்னவோ பாதிப் பேருக்கு எல்இடி பல்பும் சோலார் இன்வெர்ட்டரும்தான் காரணமாக இருக்கும் என்று படுகிறது. என் வீட்டில் மெயினை அணைத்ததும் எல்லாம் போனது.

உப்பளத்துக் காது:

எல்இடி பல்பு நெல்லுக்கு உரம் சொல்லாது அண்ணே.

பழைய வால்வு:

மலைக்கோட்டைத் தம்பி சொல்வது சரிதான், துருவை மறந்துவிட்டேன். ஆனால் துருவும் இல்லாமல், ரிசீவரும் இல்லாமல் கலந்த கதை ஒன்று உண்டு. 1933-ல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் டெல்லெகன் என்பவர் சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்தைக் கேட்கிறார். அதன் பின்னணியில் லக்ஸம்பர்க் ரேடியோவின் நிகழ்ச்சி. பலம் மிகுந்த லக்ஸம்பர்க் அலை அயனி மண்டலத்தைச் சூடாக்கி, அந்த வழியாகப் போன இன்னொரு அலைமேல் தன் குரலைப் பதித்துவிட்டது. அதற்கு லக்ஸம்பர்க் விளைவு என்றே பேர். வானத்துக்குப் பொறி கட்ட முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

தெற்குமூலை:

என் பிரச்சினை இன்னும் கீழே. நான் நாகர்கோவில். வருஷா வருஷம் டிசம்பர் 24 அன்று சுவீடனில் கிரிமெட்டன் நிலையம் 17.2 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் அனுப்பும். 1924 காலத்துச் சுழலும் இயந்திரம், வால்வுகூடக் கிடையாது. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி. நமக்கோ விஜயநாராயணத்தில் கடற்படையின் நிலையம், நீர்மூழ்கிகளுக்காக 18.2-ல். கோபுரங்கள் 471 மீட்டர். என் வீட்டிலிருந்து நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

ஒரே ஒரு கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம். வால்வு ஐயாவின் பொறியை இங்கே போட்டால் 18.2-ஓடு 17.2-உம் போய்விடும். லூப்பை நேராக லேப்டாப்பின் மைக் துளையில் செருகிக் கேட்கிறேன். ரிசீவரே கிடையாது, சவுண்ட் கார்டுதான். முதல் வருஷம் வாட்டர்ஃபால் (சிக்னல்களைக் கோடுகளாகக் காட்டும் திரை) முழுக்க மஞ்சள் சுவர். அளவு ஏற்றி வைத்திருந்ததால் 18.2 உச்சியில் முட்டி வெட்டுப்பட்டு, அதன் சிதறல் எல்லா இடத்திலும். மறு வருஷம் மைக் அளவை 18.2 வெட்டுப்படாத வரை இறக்கினேன். பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது, ஆனால் சுவர் ஒல்லியான கோடாக ஒதுங்கியது. அந்த மட்டத்தில் பிரித்தெடுப்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும், நாம் உள்ளே விடும்போது சிதறடிக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம் லூப். விஜயநாராயணம் எனக்கு வடகிழக்கே. அதை அமுக்கும்படி திருப்பினால் லூப்பின் முழுக் காதும் வடமேற்கைப் பார்க்கிறது. வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், சுவீடன் கிட்டத்தட்ட அதே கோட்டில். இப்படி ஓர் அதிர்ஷ்டம் எனக்கு லாட்டரியில்கூட அடித்ததில்லை.

மத்தியானம் ஒன்றரை மணி. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி, ஃபேனை அணைத்து, வேர்த்து வழிய உட்கார்ந்திருக்கிறேன். 17.2-ல் விட்டு விட்டு ஒரு சாம்பல் கோடு. காதில் வைத்தால் நீளம், குட்டை, நீளம், குட்டை. எல்லாரையும் அழைக்கும் குறியான சீக்யூவின் முதல் எழுத்து அதுதான். அப்புறம் இரைச்சல். கேட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். கேட்கவில்லை என்றும் சொல்ல மனசு வரவில்லை. பதிவு செய்யும் பொத்தானை அமுக்க மறந்துவிட்டேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

பழைய வால்வு:

தெற்குமூலைத் தம்பி, லூப்பின் நடுமுனையை எர்த் செய்து, சுற்றுக்கு அலுமினியத் தாள் கவசம் போட்டீர்களா? போட்டாலும் தாள் ஒரு இடத்தில் விட்டுப்போக வேண்டும், முழு வளையமாக மூடினால் ஒன்றும் கேட்காது. நாலு விரல் இடைவெளி...

தெற்குமூலை:

போட்டேன் ஐயா. கெட்டது கவசத்தால் இல்லை, பொத்தானால்.

பாளைக்காரன்:

வால்வு ஐயாவின் பொறியை முந்தாநாள் கட்டிவிட்டேன். கேங் கிடைக்கவில்லை, நிலையான கண்டென்சர்களை ஒன்றோடொன்று சேர்த்து 177-க்கு வந்தேன். 3591-ல் இப்போது வெறும் இரைச்சல்தான். அம்மா சமையலறையில் 1197-ஐ முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், என் பக்கம் ஒரு பிர்காகூட வரவில்லை.

போன வாரம் 40 மீட்டரில் அந்தப் பையனின் குரல் கேட்டது. கை மைக்குக்குப் போனது. நான் தொண்டையைச் செருமி முடிப்பதற்குள் அவன் வேறு யாருக்கோ 73, அதாவது விடைபெறும் வாழ்த்து, சொல்லிவிட்டுப் போய்விட்டான்.