லாய்ட்டரில் வட்டமடிக்கும் குவாட்: கடலூர் பக்கம் யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. நானே கட்டிய 450 ஃப்ரேம் குவாடில் (நான்கு விசிறி ட்ரோன்) ஆர்டுபைலட் என்ற பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டு, தானாகப் பறக்க வைக்கும் நோக்கில் சோதித்து வருகிறேன். ஸ்டெபிலைஸ் (சமநிலையை மட்டும் காக்கும் முறை), ஆல்ட்ஹோல்ட் (உயரத்தையும் காக்கும் முறை) இரண்டிலும் சொன்னபடி கேட்கிறது. ஜிபிஎஸ், காம்பஸ் கொண்டு ஒரே இடத்தில் நிற்கும் லாய்ட்டர் முறைக்கு மாற்றினால் சில நொடி நிற்கிறது, அப்புறம் வட்டமடிக்கத் தொடங்குகிறது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போகிறது. உடனே ஸ்டெபிலைஸுக்கு மாற்றி இறக்கிவிடுகிறேன்.

ஜிபிஎஸ் மேல் சந்தேகமில்லை, எச்டாப் (இடத் துல்லியத்தைக் காட்டும் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) 1-க்குக் கீழேதான். காற்றும் காரணமில்லை, தேவனாம்பட்டினத்தில் கடற்காற்று எழும் முன்பே, காலையில் பறக்கவிடுகிறேன். காம்பஸ்தான் என்று நினைக்கிறேன். லாக்கில் (பறப்புப் பதிவில்) த்ராட்டில் (மோட்டாருக்குத் தரும் விசை) ஏறும்போதெல்லாம் காந்தப்புல அளவும் கூடவே ஏறுகிறது. மின்னோட்டம் பாயும் பேட்டரி வயர் காம்பஸுக்குக் கீழேயே போகிறது, ஃப்ரேமில் வேறு வழியில்லை.

காம்பஸும் சேர்ந்திருக்கும் ஜிபிஎஸ் கம்பத்தை இன்னும் உயர்த்துவதா, வயர்களை முறுக்கிவிட்டு காம்பஸ்மாட் அளவீடு (மோட்டார் மின்னோட்டத்தால் காம்பஸில் வரும் பிழையை அளந்து ஈடுகட்டுவது) செய்வதா? உயரமான கம்பம் அதிருமே என்று தயங்குகிறேன். அனுபவமுள்ளவர்கள் எதை முதலில் செய்வீர்கள்? லாக் கோப்பைப் பார்க்க முடிந்தவர்களுக்கு அனுப்புகிறேன்.

இது சரியாகாமல் ஆட்டோ மிஷன் (முன்பே குறித்த பாதையில் தானாகப் பறப்பது) ஓட்ட மாட்டேன். கடற்கரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் பச்சை மண்டலமாக (ட்ரோன் பறக்க முன் அனுமதி தேவைப்படாத பகுதியாக) உள்ள, மின்கம்பி இல்லாத திறந்தவெளி தெரிந்தாலும் சொல்லுங்கள்.