ஸ்டோர்காரன் சாமானைத் திருப்பி அனுப்பினால் டிரைவர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பட்டர்வொர்த் மகள்
அப்பா ஷா ஆலாமிலிருந்து வடக்கே பிரீசர் லோரி ஓட்டுகிறார். போன வாரம் உறைந்த கோழியும் நகெட்டும் ஏற்றிக்கொண்டு புக்கிட் மின்யாக்கில் ஒரு ஸ்டோருக்குப் போனார். மைனஸ் 18-இல் வர வேண்டிய சாமான். பெட்டியைப் பிரித்து ஊசித் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தபோது மைனஸ் 11 காட்டியிருக்கிறது. ஆறு பேலட் (அடுக்குப் பலகை) சாமானை வேண்டாமென்று திருப்பி ஏற்றிவிட்டார்கள். கம்பெனி இப்போது 9,400 வெள்ளி (ரிங்கிட்) நஷ்டம் என்கிறது. மாதம் 500 வெள்ளி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்கிறார்கள். அப்பா நிரந்தர ஊழியர். இபிஎப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எல்லாம் கட்டுகிறார்கள். அவர்கள் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: "சாமான் உன் கையில்தானே இருந்தது." இது மட்டும் போதுமா? வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கிள்ளான் மூணு லோரி
தங்கச்சி, கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா மறுபக்கத்தையும் யாராவது சொல்லணும். எங்கிட்ட மூணு லோரி, மூணும் பேங்க் கடன்ல ஓடுது. சாமான் ஏத்தின நேரத்துலேர்ந்து இறக்குற வரைக்கும் அதுகூடவே இருக்கிற ஒரே ஆள் டிரைவர்தான். ரீபர், அதான் லோரியில இருக்கிற குளிரூட்டி யூனிட், ஓடுதா, டிஸ்ப்ளே என்ன காட்டுது, தாப்பா ஓய்விடத்துல தூங்குறப்ப யூனிட்டை அணைச்சாரா, இதையெல்லாம் நான் கிள்ளான்ல உட்கார்ந்து எப்படிப் பார்க்கிறது? டீசல் மிச்சம் பண்ண வழியில ரீபரை அணைச்சுட்டு, ஜூரு டோல் வர்றப்ப திரும்பப் போட்ட ஆளை எனக்குத் தெரியும். காத்துதான் குளிரும், பெட்டிக்குள்ள இருக்கிற சாமான் குளிராது. அந்த நஷ்டத்தை, சாமானை அனுப்பின சாமான்காரன் என் பில்லுல கழிச்சுட்டான். டிரைவர் கையிலிருந்து ஒரு காசும் போகாதுன்னா கவனமும் இருக்காது.

பிறை டிரைவர்
அண்ணே, அப்படி அணைக்கிறவன் இருக்கான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா இந்தத் தங்கச்சியோட அப்பா அணைச்சாரான்னு அந்தக் கம்பெனி பார்த்துச்சா? பார்க்காமலே தாளை நீட்டிட்டாங்க. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

பிரீசர் லோரி ஓட்டாதவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். லோரியில இருக்கிற ரீபர், இருக்கிற குளிரைக் காப்பாத்தும். சூடாயிருக்கிற சாமானை உறைய வைக்கிற வேலை அதால ஆகாது. மைனஸ் 13-ல ஏத்தினா பினாங்குல மைனஸ் 12-ல இறங்கும், அவ்வளவுதான். டிஸ்ப்ளேயில தெரியிற நம்பர் காத்தோடது, சாமானோடது இல்ல. ஷா ஆலாம்ல மத்தியான வெயில்ல எத்தனை இடத்துல பேலட்டை வெளியில இறக்கி வச்சுட்டு போர்க்லிப்ட்காரன் டீ குடிக்கப் போறான் தெரியுமா? நாங்க கிட்டப் போய்ப் பார்க்க முடியாது. "டிரைவர் ரூம்ல உட்காரு"ன்னுவாங்க. ஏத்தி, கதவை மூடி, சீல் போட்டு, டிஓவை, அதான் டெலிவரி ஆர்டர் சீட்டை, கையில கொடுப்பாங்க. அதுல "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்"னு ஏற்கனவே அச்சடிச்சிருக்கும். பக்கத்துல ஒரு வரி எழுதப் போனா, "எழுதுறதுன்னா லோரியை வெளியே எடு, அடுத்தவன் வரட்டும்"னு பதில் வரும். கண்ணால பார்க்க விடாத சாமானுக்கு எங்க கையெழுத்து. அப்புறம் அதே கையெழுத்தைக் காட்டி எங்க சம்பளத்துல கை வைக்கிறாங்க.

சம்பளப் பிரிவு
நான் சம்பளக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன், அதனால் சட்டத்தை மட்டும் சொல்கிறேன்.

மலேசியாவின் 1955 வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இந்தச் சட்டம் அனுமதிப்பதைத் தவிர வேறு எதையும் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்கிறது. முதலாளி தானாகப் பிடிக்கக்கூடியவை சில: கடந்த மூன்று மாதத்தில் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டால் அதற்கு ஈடு, கொடுத்த முன்பணம், இபிஎப் போல வேறு சட்டம் பிடிக்கச் சொல்பவை. ஊழியர் எழுதிக் கேட்டால் பிடிக்கக்கூடியவைக்கும் பட்டியல் உண்டு: தொழிற்சங்கச் சந்தா, கூட்டுறவுச் சங்கப் பணம் போன்றவை, சிலவற்றுக்குத் தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதியும் வேண்டும். சாமான் நஷ்டம் எந்தப் பட்டியலிலும் இல்லை. சட்டப்படி பிடிப்பவையும்கூடப் பொதுவாக ஒரு மாதத்தில் சம்பளத்தின் பாதியைத் தாண்டக்கூடாது.

"அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்" என்று பிறகு வாதாடுவார்கள். சட்டம் தருவதைவிடக் குறைவாக ஊழியருக்குத் தரும் ஒப்பந்த வரி செல்லாது என்று 7-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனாலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டு மறுப்பதைவிடப் போடாமல் இருப்பது எளிது.

2023 ஜனவரி 1 முதல் இந்தச் சட்டம் சம்பள அளவு பார்க்காமல் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்துகிறது. 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓவர்டைம் போன்ற சில மட்டும் விலக்கு. 24-ஆம் பிரிவு அந்த விலக்கில் வராது.

கிள்ளான் மூணு லோரி
சட்டம் பேசுறீங்க, சரி, நானும் பேசுறேன். 1957-ல இங்கிலாந்துல ரோம்போர்ட் ஐஸ் வழக்கு. அதுவும் ஒரு குளிர்பதனக் கம்பெனி லோரி டிரைவர்தான். கவனமில்லாம பின்னாடி எடுத்து இன்னொரு வேலைக்காரரை இடிச்சுட்டார். கம்பெனி கட்டின நஷ்டஈட்டை டிரைவர் திருப்பித் தரணும்னு, அப்ப அங்க உச்ச நீதிமன்றமா இருந்த பிரபுக்கள் சபையே தீர்ப்புக் கொடுத்துச்சு. ஊழியனுக்கும் கவனமா வேலை செய்யிற கடமை இருக்குன்னுதானே அதுக்கு அர்த்தம்? எங்க வக்கீல் சொன்னது இது.

சம்பளப் பிரிவு
ஐயா, உங்கள் வக்கீல் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். முதலில் நீதிமன்றத்தில் டிரைவரின் கவனக்குறைவு நிரூபணமானது. பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தனியாக வழக்குப் போட்டார்கள். யாரும் அவர் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டவில்லை. அந்தத் தீர்ப்பு வந்தபின் அங்குள்ள காப்புறுதிக் கம்பெனிகளே, டிரைவர்மீது இப்படிப் பாய்வதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டன. மேலும் நம் சிவில் சட்டம் தீபகற்பத்துக்கு 1956 ஏப்ரல் 7 வரையிலான இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின் வந்த தீர்ப்பை நம் நீதிபதி எடுத்துப் பார்க்கலாம், கட்டுப்பட வேண்டியதில்லை.

டிரைவர்மேல் உங்களுக்குச் சந்தேகமா, அதே வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. உள்விசாரணை வையுங்கள், அவர் பதிலைக் கேளுங்கள். தப்பு உறுதியானால் எச்சரிக்கலாம், பதவி குறைக்கலாம், இரண்டு வாரத்துக்கு மிகாமல் சம்பளமில்லாமல் நிறுத்தி வைக்கலாம், வேலையை விட்டே நீக்கலாம். நஷ்டத்தைக் கேட்டு சிவில் வழக்கும் போடலாம். வழி உங்களுக்கும் இருக்கிறது. விசாரிக்காமல் பிடிப்பதற்குத்தான் வழியில்லை.

ஜூரு ஸ்டோர் வாசல்
சாமான் வாங்குற பக்கத்துலேர்ந்து பேசுறேன். "வேண்டாம்"னு எழுதுறது என் வேலை. யார் தப்புன்னு தீர்ப்புச் சொல்றது என் வேலை இல்ல. நான் திருப்பி அனுப்பினா டிரைவர் குத்தவாளின்னு கம்பெனிக்காரங்க எடுத்துக்கிறாங்க, அது தப்பு. பிஓ (நாங்க கொடுத்த ஆர்டர்) நம்பர் ஒத்துப்போகல, காலாவதித் தேதி ரொம்பக் கிட்ட இருக்கு, லேபிள் மாறியிருக்கு, பேலட் அளவு சரியில்ல, இப்படி எத்தனையோ காரணத்துக்கு நாங்க திருப்பி அனுப்புறோம். அதுல எதுக்கும் ஸ்டியரிங் பிடிச்சவர் பொறுப்பில்ல.

தங்கச்சி, சூடுதான் காரணம்னா ஒரே நம்பரை நம்பாதீங்க. ஒழுங்கா வேலை பார்க்கிற ஸ்டோர்ல கதவுப் பக்கம், நடுவுல, உள்மூலையில மூணு இடத்துல குத்திப் பார்த்து எழுதுவாங்க. கதவுப் பக்கம் மட்டும் சூடுன்னா கதவு ரப்பர் கிழிஞ்சிருக்கலாம், இல்ல எங்க வாசல்லயே கதவைத் திறந்து வச்சு ரொம்ப நேரம் காத்திருந்திருக்கலாம். எல்லா இடத்துலயும் சூடுன்னா வேற கதை. அந்தச் சீட்டை வாங்குங்க. லோரி எத்தனை மணிக்குக் கேட்டுல நுழைஞ்சுது, எத்தனை மணிக்குச் சீல் வெட்டினாங்கன்னு காவலர் சீட்டுல இருக்கும், அதையும் வாங்குங்க.

சொந்த லோரி, புக்கிட் மெர்தாஜாம்
என் நிலைமையை யாரும் பேசல. நான் லோரியைச் சொந்தமா வச்சு வாடகைக்கு ஓட்டுறேன். எனக்கு 24-ஆம் பிரிவும் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. சாமான் திரும்பினா வாடகையிலயே கழிச்சுடுறாங்க. அக்ரிமெண்டுல அப்படித்தான் இருக்கு.

சம்பளப் பிரிவு
அண்ணே, உங்கள் கணக்கு வேறு. 1950 ஒப்பந்தச் சட்டத்தின் 104, 105 பிரிவுகள் உங்களுக்குப் பொருந்தும். சாமானைப் பொறுப்பேற்று வாங்கியவர் நீங்களே. சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை நஷ்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. ஆனால் அப்படிப் பார்த்துக்கொண்டதை நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். "வேறு ஒப்பந்தம்" என்ற இடத்தில்தான் உங்களை மாட்டுகிறார்கள். சாமான் பொறுப்புக் காப்புறுதி இல்லாமல் அந்த மாதிரி அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

லோரி கம்பெனியுடையது, நேரத்தையும் பாதையையும் அவர்களே சொல்கிறார்கள், காசு மட்டும் டிரிப்புக்கு இவ்வளவு என்று ஓட்டுபவர்கள் வேறு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், 101C பிரிவின்படி அவர்களை ஊழியர் என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்ட வேண்டியது கம்பெனி.

பட்டர்வொர்த் மகள்
எல்லாருக்கும் நன்றி. அப்பா இன்று ஸ்டோருக்குப் போய்ச் சீட்டின் நகலை வாங்கி வந்தார். திருப்பி அனுப்பிய ஆறு பேலட்டும் நகெட். கதவுப் பக்கம் மைனஸ் 11, நடுவிலும் உள்மூலையிலும் மைனஸ் 12. அதே லோரியில் வந்த கோழி மைனஸ் 17, 18. அதை எடுத்துக்கொண்டார்கள். ரீபரின் பதிவையும், கம்பெனியில் லோரிகளை அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில் ஒரு அண்ணன் படம் பிடித்து அனுப்பினார். வழி முழுக்க யூனிட் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆனால் கிளம்பி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் உள்ளே தள்ளும் காற்று மைனஸ் 23, திரும்பி வரும் காற்று மைனஸ் 13. இதற்கு என்ன அர்த்தம்?

பிறை டிரைவர்
யூனிட் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு, காத்து போற வழியில சூட்டை வாங்கிட்டுத் திரும்புதுன்னு அர்த்தம். ஒரே லோரி, ஒரே ரோடு, ஒரே டிரைவர். கோழி மைனஸ் 18, நகெட் மட்டும் மைனஸ் 12. அப்ப நகெட் ஏத்துறப்பவே சூடு.

கிள்ளான் மூணு லோரி
அவசரப்படாதீங்க தம்பி. சாமானைக் கூரை ஓரத்துச் சிவப்புக் கோட்டுக்கு மேல அடுக்கினாலும் காத்து ஓடாது, இதே வித்தியாசம் வரும். கதவு ரப்பர் போனாலும் வரும். கிளம்புறதுக்கு முன்னாடி ரப்பரைப் பார்க்கிறது டிரைவர் செக்லிஸ்ட்ல இருக்கிற வேலை. ஆனா உள்மூலையிலயும் மைனஸ் 12, பக்கத்துல கோழி மைனஸ் 18-ங்கிறது எனக்கும் ஏத்தின இடத்துமேலதான் சந்தேகத்தைக் கொடுக்குது. நானா இருந்தா சாமான்காரனுக்கு உடனே எழுதுவேன், காப்புறுதிக்கும் எழுதுவேன். நாள் தள்ளினா கிளெய்ம் போயிடும். டிரைவர்கிட்ட 500, 500-ஆ வாங்கிட்டு இருந்தா 9,400 வர ஒன்றரை வருசத்துக்கு மேல ஆகும்.

ஆனா ஒரு விசயத்துல நான் மாற மாட்டேன். சந்தேகம் இருந்தா டிரைவர் ஏத்துற இடத்துலயே சொல்லணும். டிஓவுல சுத்தமா கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வந்துட்டா, நான் எந்த முகத்தோட சாமான்காரன்கிட்டச் சண்டை போடுறது?

பிறை டிரைவர்
அதுக்கு நீங்க ஒரு ஊசித் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுங்கண்ணே. டிஓவுல எழுத விடலேன்னா டிஸ்பாட்சுக்கு வாட்ஸ்அப் பண்றேன், "ஏத்தினதைப் பார்க்க விடல, சீல் போட்டுத்தான் கொடுத்தாங்க"ன்னு. டிஸ்பாட்ச் "பரவாயில்ல, கிளம்பு"ன்னு சொன்னா அதுக்கப்புறம் அது என் தலையில வரக்கூடாது. இதை எழுத்துல போட்டுக் கொடுக்கிற முதலாளிகிட்ட நான் நாளைக்கே வேலைக்கு வர்றேன்.

கிள்ளான் மூணு லோரி
தெர்மாமீட்டர் வாங்கலாம், அது பெரிய காசில்ல. வாட்ஸ்அப்பையும் ஒத்துக்கிறேன், ஆனா ஏத்தி முடிச்ச உடனே வரணும். ஸ்டோர்ல சாமான் திரும்பின பிறகு வந்தா ஒத்துக்க மாட்டேன்.

சம்பளப் பிரிவு
தங்கச்சி, அப்பா பேரில் ஒரு பக்கக் கடிதம் போதும், மலாயில் எழுதுங்கள். பிடித்தத்துக்குச் சம்மதமில்லை. ரீபரின் முழுப் பதிவும், ஏற்றிய இடத்தில் வெப்பநிலை பார்த்த சீட்டும் வேண்டும். குற்றச்சாட்டு இருந்தால் எழுத்தில் கொடுத்து விசாரணை வையுங்கள். இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள், கோபமாக ஒரு வரியும் வேண்டாம். நகலில் பெற்றுக்கொண்டதற்குச் சாப்பு (கம்பெனி முத்திரை) வாங்குங்கள். மீறிப் பிடித்தால் 69-ஆம் பிரிவின்படி தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டிய அவசியமில்லை. சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

பட்டர்வொர்த் மகள்
கடிதத்தை இன்று காலை கொடுத்தார், சாப்பும் வாங்கிவிட்டார். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, விசாரணைத் தேதியை அறிவிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்றிய இடத்துச் சீட்டு மட்டும் தங்களிடம் இல்லை என்கிறார்கள். அதை அப்பா நேராகச் சாமான்காரரிடம் கேட்கலாமா?

ஜூரு ஸ்டோர் வாசல்
அப்பா கேட்டா கொடுக்க மாட்டாங்க. கம்பெனிதான் கேட்கணும். விசாரணையில முதல் கேள்வியா அதையே கேட்கச் சொல்லுங்க: அந்தச் சீட்டைச் சாமான்காரன்கிட்டக் கேட்டீங்களா, எந்தத் தேதியில கேட்டீங்க?