பையன் திக்கும்போது எனக்குப் படபடப்பு வருகிறது. எனக்கு என்ன வழி?

தையல்காரி, அம்பாசமுத்திரம்

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று கேட்க வரவில்லை. அது ஒரு பக்கம் நடக்கிறது. இது எனக்காகக் கேட்பது.

மகனுக்கு 8 வயது. மூன்றரை வயதில் திக்க ஆரம்பித்தான். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்ததும் சும்மா இருக்க மாட்டார்கள். "ஏல, உம் பேரு என்னல?" என்பார்கள். அவன் வாயில் ஆக மோசமாக மாட்டிக்கொள்கிற சொல்லே அவன் பேர்தான். தாத்தா பேர், 'மு'வில் தொடங்குவது. உதடு ஒட்டிக்கொள்ளும். கண்ணை இறுக்கி மூடுவான், காலால் தரையைத் தட்டுவான். நான் மிஷினை நிறுத்திவிடுவேன், இல்லாவிட்டால் தையல் கோணிவிடும். வந்தவர்களில் சிலர் சிரிப்பார்கள். சிலர் "பாவம்" என்று உச்சுக்கொட்டி என்னைப் பார்ப்பார்கள். சிரிக்கிறவர்களை விட இவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அவன் அப்பா சென்னையில் மளிகைக் கடையில் இருக்கிறார். கடை சாத்திவிட்டு ராத்திரி 10 மணிக்கு மேல் வீடியோ காலில் வருவார். பையன் வாயைத் திறந்ததும் "மூச்சு விட்டு நிதானமா சொல்லு" என்பார். பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஒன்பதரை மணிக்கே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும்.

மாமியார் சொல்வது வேறு. "மாசமா இருக்கையில யாரையாவது பழிச்சுக் காட்டியிருப்ப." போன கோயில் கொடையில் பையன் வில்லுப்பாட்டுக்காரர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து பாடினான். ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. அதிலிருந்து இன்னொரு பழி: "பாட்டு வருதுல்லா? வேணும்னே செய்யுதான். நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்ட."

இப்போதெல்லாம் விசேஷ வீடுகளுக்கு மொய்யை யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிடுகிறேன். ராத்திரி படுத்தால் அன்றைக்கு எங்கெங்கே திக்கினான் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். அடுத்த மாதம் சேரன்மகாதேவியில் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. அதற்குப் போகாமல் முடியாது. நான் தவிக்கிறது என் முகத்தில் தெரியாமல் மறைக்க ஏதாவது வழி இருக்கிறதா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

கடையம் ஆச்சி

வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்து நாக்கில் தடவி வா தாயி. காரையாறு சொரிமுத்தையனாருக்கு ஒரு மணி கட்டுவதாக வேண்டிக்கொள். எங்கள் வீட்டில் ஒரு பயலுக்குச் சரியாயிற்று.

பேச்சுப் பயிற்சியாளர், பாளையங்கோட்டை

ஆச்சி, வேண்டுதலில் நான் தலையிடவில்லை, அது மனதுக்குத் தைரியம். வசம்பு வேண்டாம். கோளாறு நாக்கில் இருந்தால் வில்லுப்பாட்டிலும் திக்கியிருக்க வேண்டுமே! பாடும்போதும் கூட்டமாகச் சேர்ந்து சொல்லும்போதும் திக்குகிறவர்கள் பெரும்பாலும் திக்குவதில்லை. தாளம் முன்கூட்டியே இருக்கிறது, அடுத்த சொல் என்ன என்று யோசிக்க வேண்டியதில்லை. தானாகப் பேசும்போது மூளை வேறு விதமாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவன் நடிக்கவில்லை என்று உங்கள் மாமியாரிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் நடக்கிற அந்தப் பழிக்குப் படித்தவர்கள் மத்தியிலும் ஒரு சரித்திரம் உண்டு. 1939-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், தானும் திக்குகிறவரான வெண்டல் ஜான்சன் என்பவரின் மேற்பார்வையில், அநாதை விடுதிப் பிள்ளைகள் 22 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம் "உனக்குப் பேச்சு சரியில்லை" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் பேசவே கூச்சப்பட்டு ஒடுங்கிப் போனார்கள், ஆனால் திக்குவாய் ஆகிவிடவில்லை. அப்படியிருந்தும், பெற்றவர்கள் பிள்ளையின் பேச்சைக் குறையாகப் பார்ப்பதால்தான் திக்கல் உண்டாகிறது என்ற ஜான்சனின் கொள்கை பல வருஷம் செல்லுபடியானது. அதன் பாரம் முழுக்க அம்மாக்கள் மேல்தான் விழுந்தது. 2001-ல் அந்தப் பல்கலைக்கழகம் அந்த ஆய்வுக்காக மன்னிப்புக் கேட்டது. 2010-ல் திக்கலோடு தொடர்புள்ள மூன்று மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். பரம்பரையும், மூளையில் பேச்சுக்கான பாதைகள் அமைந்திருக்கிற விதமும்தான் அடிப்படை. செல்லமும் காரணமில்லை, நீங்கள் யாரையும் பழித்ததும் காரணமில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் திக்க ஆரம்பிக்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு மேல் தானாகவோ பயிற்சியாலோ சரியாகிவிடுவார்கள். 8 வயதிலும் நீடித்தால் முழுக்கப் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது. திக்கிக்கொண்டே நன்றாக வாழ முடியும், அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி. பையனின் பயிற்சியாளரிடம் "எனக்கும் அரை மணி நேரம் வேண்டும்" என்று கேளுங்கள். அது எங்கள் வேலையில் சேர்ந்ததுதான். தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் 14416-ல் கூப்பிடுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அப்பாவிடம் அந்த "மூச்சு விட்டு" மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் தானே மெதுவாகப் பேசினால் போதும்.

திசையன்விளைத் தம்பி

அக்கா, எனக்கு 31 வயது. இன்னும் திக்குகிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், போன் எடுப்பதும் நான்தான். சில நேரம் "ஹலோ" வருவதற்குள் எதிர்ப்பக்கம் வைத்துவிடுவார்கள். திரும்பக் கூப்பிடுவேன்.

முகத்தில் தெரியாமல் எப்படி மறைப்பது என்று கேட்டிருந்தீர்கள். மறைக்க முடியாது அக்கா. நான் சின்னப் பிள்ளையில் வார்த்தை மாட்டிக்கொண்டால் முதலில் அம்மா முகத்தைத்தான் பார்ப்பேன். அம்மா சிரித்தபடியேதான் இருப்பாள், கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருக்கும். திக்கினது எனக்குப் பெரிதாக இல்லை. அம்மாவை நோகடிக்கிறோமே என்றுதான் வீட்டில் பேச்சைக் குறைத்தேன். ஆறாவது படிக்கும்போது ஒருநாள், சோறு போட்டுக்கொண்டே, "இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ரொம்ப மாட்டிக்கிச்சோல?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னது கிடையாது. எனக்கு அழுகை வந்தது, அப்புறம் நிறையப் பேசினேன், திக்கித் திக்கித்தான். அவனிடம் நேராகப் பேசுங்கள். நாம் நினைப்பதை விட அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

முக்கூடல் அக்கா

தம்பி சொல்வது சரி. ஆனால் தங்கச்சி, இதைப் படித்துவிட்டு 'அய்யோ, என் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை நொந்து போகிறானோ' என்று அதற்கும் சேர்த்து அழ ஆரம்பிக்காதே. மாமியார் ஒரு பழி, ஊர் ஒரு பழி, அதோடு முகத்தையும் ஒழுங்காக வைத்துக்கொள் என்று இன்னொரு வேலை. அம்மாமார் தலை என்ன சுமைதாங்கிக் கல்லா?

என் மகனுக்கு இப்போது 22, மினி பஸ்ஸில் கண்டக்டர். திக்கல் போகவில்லை, குறைந்திருக்கிறது. நிறுத்தத்தின் பேரைச் சொல்லும்போது சில நாள் மாட்டும். சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே நிற்பான், ஆட்கள் காத்திருப்பார்கள். பள்ளியில் அவனை வாசிக்கச் சொல்லாமலே தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் போய், "நேரம் கொடுங்க, வாசிப்பான்" என்று நின்றேன். டீச்சருக்கு முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

எனக்குத் தெளிவு வந்தது பீடித் தட்டு முன்னால்தான். நாங்கள் நாலைந்து பேர் ஒரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுற்றுவோம். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் சும்மாதான் இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவள் இலை வெட்டுவதை நிறுத்திவிட்டு, "எங்க அண்ணனும் அப்படித்தான்" என்றாள். அத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் அதைச் சொன்னதே இல்லை. சொல்ல ஓர் ஆள் கிடைத்த பிறகு, ராத்திரி படுத்ததும் கணக்குப் பார்ப்பது தானாகக் குறைந்தது. உனக்கு அப்படி ஓர் ஆள் வேண்டும். புருஷன் அதற்கு ஆக மாட்டார், அவருக்கே பயம்.

ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு: "எம் பயலுக்குத் திக்கும், அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் இருங்க." சொன்ன பிறகு மிஷினை நிறுத்தாதே, ஓட்டிக்கொண்டே இரு. சொன்னதற்காக யாரும் உன்னிடம் தைக்கக் கொடுக்காமல் போக மாட்டார்கள்.

தையல்காரி, அம்பாசமுத்திரம்

எல்லோருக்கும் நன்றி. சுமைதாங்கிக் கல்லைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. மாமியார் "போனைப் பாத்து என்ன சிரிப்பு?" என்றார்கள். வில்லுப்பாட்டு விஷயத்தை எடுத்துச் சொன்னேன். "டாக்டரா சொன்னாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நம்பினார்களா என்று தெரியாது.

தம்பி, நேற்று பையனிடம், "உன் பேரைச் சொல்றதுதான் கஷ்டமா?" என்று கேட்டேன். "ஆமா, 'ப'வும்" என்றான். 'ப' எனக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவுதான் சொன்னான், விளையாடப் போய்விட்டான்.

அவன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. போனில் சொன்னால் சண்டை ஆகிவிடும், சடங்குக்கு நேரில் வரும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன். அக்கா, முக்கூடல் இங்கிருந்து பக்கம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

முக்கூடல் அக்கா

வா. மத்தியானம் சாப்பாட்டுக்கே வந்துவிடு, பயலையும் கூட்டிக்கொண்டு வா. என் மகனுக்கு ஞாயிறு காலை டிரிப் மட்டும்தான், வீட்டில் இருப்பான். நம்பரை உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.