1931ஆம் ஆண்டுப் படம்: புளூ-ரேயில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது, டிஸ்க் பழுதா?

வெள்ளவத்தை ரசிகன்:
வணக்கம். ஆரம்பகாலப் பேசும் படங்களின் மீட்டெடுத்த பதிப்புகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ரொறன்ரோவில் இருந்து வந்த சித்தப்பா, ஜெர்மன் இயக்குநர் பிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ புளூ-ரேயைக் கொண்டுவந்து தந்தார், பழைய படங்களை மீட்டெடுத்து வெளியிடும் அமெரிக்க நிறுவனமான கிரைடீரியனின் பதிப்பு. ஆசையாகப் போட்டால் ஒரே குழப்பம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, மற்றப் பழைய படங்களில் வருவதைவிட அகலம். சில இடங்களில் சத்தம் அடியோடு நின்றுவிடுகிறது, தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள், காலடிச் சத்தம்கூட இல்லை. திரும்ப யாராவது கதைக்கத் தொடங்கும்போது முதல் எழுத்து விழுங்கப்படுகிறது. மற்ற நேரமெல்லாம் மெல்லிய இரைச்சல். ரீவியோடு ஒரு சவுண்ட்பார் பூட்டியிருக்கிறேன்.

இன்னொன்று: லண்டனில் இருந்து மச்சாள் அனுப்பிய புளூ-ரேயை பிளேயர் ஏற்கவே மாட்டேன் என்கிறது. பிளேயர் சிங்கப்பூரில் வாங்கியது. சித்தப்பா வரும் கிழமை திரும்பிப் போகிறார். ‘எம்’மை அவரிடமே கொடுத்து மாற்றச் சொல்லவா?

பழைய சுருள்:
தம்பி, அவசரப்பட்டுத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்கள் சொன்னதில் பாதி அந்தப் படத்தின் இயல்பு.

பட்டையை முதலில் பார்ப்போம். ஒலியைப் படச்சுருளிலேயே பதியத் தொடங்கியபோது ஒலித்தடத்துக்கு ஓரத்தில் இடம் விட வேண்டியிருந்தது. அதனால் படம் ஒடுங்கி, ஏறத்தாழ 1.19க்கு 1 என்ற அளவில், சதுரத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. 1932இல்தான் ஹொலிவூட் 1.37 என்ற அளவுக்கு மாறியது. ‘எம்’ 1931ஆம் ஆண்டுப் படம். இன்றைய அகல ரீவியில் அது திரையின் மூன்றில் இரண்டு பங்கைத்தான் நிரப்பும், அதுதான் சரியான படம். தயவுசெய்து ஸூம் போடாதீர்கள், தலையும் காலும் வெட்டுப்படும்.

மௌனமும் அப்படித்தான். அந்தப் படத்தில் சில காட்சிகளுக்கு ஒலியே கிடையாது. அந்த வெறுமைக்குப் பிறகு விசில் சத்தம் கேட்கும்போது நெஞ்சு திடுக்கிடும். பின்னாளில் வந்த சில பிரதிகளில் அந்த இடங்களில் சத்தம் சேர்த்துவிட்டார்கள். மீட்டெடுத்தவர்கள் அதை நீக்கிப் பழையபடி விட்டது பெரிய காரியம்.

இரைச்சலும் பழைய ஒலித்தடத்தோடு வருவதுதான். அதை முழுதாகத் துடைத்தால் குரலில் உள்ள ‘ஸ’, ‘ஷ’ ஓசைகளும் சேர்ந்து போய்விடும். எனக்குக் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் உயிருள்ள குரல்தான் வேண்டும்.

ஆனால் முதல் எழுத்து விழுங்கப்படுவது படத்தின் குணம் இல்லை. சவுண்ட்பாரைக் கழற்றிவிட்டு, ரீவியில் ஹெட்போன் போட்டு அதே இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை ரசிகன்:
கேட்டேன் அண்ணை. மௌனம் அப்படியே இருக்கிறது, ஆனால் வசனம் முதல் எழுத்தில் இருந்து தெளிவாக வருகிறது!

பழைய சுருள்:
அப்படியென்றால் டிஸ்க் சுகமாக இருக்கிறது. சில சவுண்ட்பார்கள் ஒலி வராத நேரத்தில் தாமாகவே மௌனமாகிவிடும், திரும்ப விழிக்க ஒரு கணம் எடுக்கும். இன்றைய படங்களில் எப்போதும் ஏதாவது சத்தம் ஓடுவதால் இது தெரியாது. மெனுவில் தானாக நிற்கும் வசதி, இரவு முறை, வசனத்தைத் தூக்கிக் காட்டும் முறை எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பிளேயரின் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) என்று மாற்றியும் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் இந்தப் படத்தை ரீவியின் ஒலிபெருக்கியிலேயே பார்க்கலாம், மோனோ ஒலிதானே.

கொட்டாஞ்சேனை அக்கா:
லண்டன் டிஸ்க் பற்றிச் சொல்கிறேன். எந்த நாட்டு பிளேயரில் எந்த டிஸ்க் ஓடும் என்று பூட்ட, புளூ-ரேக்கு மூன்று வலயங்கள். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, அவுஸ்திரேலியா பி. இலங்கையும் இந்தியாவும் சி. உங்கள் சிங்கப்பூர் பிளேயர் ஏ என்பதால் கனடா டிஸ்க் ஓடுகிறது, லண்டன் டிஸ்க் பி என்று பூட்டியிருக்கும். பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தாக இருக்கும், பாருங்கள். டிவிடிக்கு ரிமோட்டில் வலயத்தை மாற்றக்கூடிய பிளேயர்கள் பல உண்டு, புளூ-ரேக்கு அது லேசில் நடக்காது. எல்லா வலயத்துக்கும் மாற்றி விற்கிற பிளேயர் ஒன்று எடுப்பதுதான் நிரந்தர வழி. கனடாவில் எடுத்தால் மின்சாரத்தைக் கவனியுங்கள், அங்கே 120 வோல்ட், இங்கே 230. 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு வலயப் பூட்டு இல்லை.

மச்சாளிடம் இதையும் சொல்லுங்கள்: அங்கிருந்து பேசும் படங்களை டிவிடியாக வாங்க வேண்டாம். அங்குள்ள பால் (PAL) என்ற ரீவி முறைக்காக நொடிக்கு 24 சட்டகத்தை 25 ஆக ஓட்டுவார்கள், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். ஒலியைத் தனியாகத் திருத்தாவிட்டால் குரலும் பாட்டும் சுருதி ஏறிக் கேட்கும். பாட்டுப் படங்களில் எனக்கு அது தாங்காது.

வெள்ளவத்தை ரசிகன்:
மிகவும் நன்றி அக்கா, அண்ணை. சவுண்ட்பாரில் தானாக நிற்பதை நிறுத்தினேன், இப்போது எல்லா எழுத்தும் கேட்கிறது. சித்தப்பா திரும்பப் போனதும் வேறென்ன அனுப்பச் சொல்லலாம்?

பழைய சுருள்:
‘கிங் ஒஃப் ஜாஸ்’, 1930. இரண்டு வண்ண டெக்னிகலர், கிரைடீரியன் 2018இல் வெளியிட்டது, உங்கள் பிளேயரில் ஓடும். பிறகு வைட்டபோன் என்ற ஆரம்பகால ஒலி முறையில் வந்த குறும்படங்கள். அவற்றின் ஒலி படச்சுருளில் இல்லை, 16 அங்குல இசைத்தட்டில் தனியாக இருந்தது. சுருளும் தட்டும் பிரிந்துபோனதால் பல படங்கள் ஊமையாகக் கிடந்தன. 1991இல் தொடங்கிய வைட்டபோன் புரொஜெக்ட் அந்தத் தட்டுகளைத் தேடி எடுத்துத் திரும்பச் சேர்க்க உதவிவருகிறது. எங்கள் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்குத் திரும்பச் சேர்க்க ஒரு பிரதியும் மிஞ்சவில்லை, அதனால் இப்படி மீண்டவற்றை நான் விட்டுவைப்பதில்லை.

வார்னர் நிறுவனத்தின் பழைய பட வெளியீட்டுப் பிரிவான வார்னர் ஆர்க்கைவ் அந்தக் குறும்படங்களை டிவிடி-ஆர் என்ற பதிவுசெய்யும் வகை டிஸ்க்கில் விட்டது. அவற்றை வெயிலும் வெக்கையும் படாத அலுமாரியில், நிமிர்த்தி வையுங்கள். வாங்கினவுடன் ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்துவிடுங்கள், பிழை இருந்தால் மாற்ற அப்போதுதான் வசதி.