மறு: மறு: ஸ்டெப்னியைச் சுமக்கும் கதவுக்கு என்ன பெயர்?

நண்பர்களே, அவசரம். கரடுமுரடான பாதையில் ஓடும் இழுவண்டிக்கு (டிரெய்லர்) ஸ்டெப்னி மாட்டும் அமைப்பைச் செய்வது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வண்டியின் பின்மூலையில் ஒரு குத்துத் தண்டு, அதிலிருந்து நீளும் இரும்புக் கை, கையின் மேல் சக்கரம். கொண்டியை எடுத்தால் மொத்தமும் பக்கவாட்டில் விலகும்; பின்கதவைத் திறக்கலாம். படத்தில் பெயர் எழுத விட்ட இடம் இரண்டு விரல் அகலம்தான். நாளை மாலை கெடு. ‘சுழல் தாங்கி’ என்று போட்டிருக்கிறேன், சரியா?
– வரைபடக்காரன்

> சுழல் தாங்கி

வேண்டாம். தாங்கி என்பதைப் பேரிங்குக்குக் கொடுத்தாயிற்று. இந்தத் தண்டிலேயே மேலொன்று கீழொன்றாக இரண்டு கூம்பு பேரிங் இருக்கிறது. ‘தாங்கிக்கு கிரீஸ் வை’ என்றால் எதற்கு வைப்பது?
– பற்றவைப்பவன்

முதலில் ஸ்டெப்னியைப் பார்ப்போம். அது வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் தெருப்பெயர். 1904 வாக்கில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்தவர்கள் தெருவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நமக்கோ புறநானூறு 102 இருக்கிறது. உப்பு வணிகர் வண்டியின் அடிமரத்தில் கட்டி வைத்த ‘சேம அச்சு’ (மாற்று அச்சு) போன்றவன் என்று அதியமான் மகன் எழினியை ஔவையார் பாடுகிறார். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது என்ன ஆகுமோ என்று கட்டியது. அதுவும் கரடுமுரடுப் பாதைதான்! ஆகவே ‘சேமச்சக்கரம்’. (மகரம் கெட்டு வல்லினம் மிகும். ச் விடாதீர்கள்.)
– ஏட்டுக்காரன்

சேமம் க்ஷேமம். சக்கரமும் வடசொல். இரண்டையும் ஒட்டிவிட்டு ஔவையாரைச் சாட்சிக்கு அழைப்பதா? காப்புருளை என்க.
– தனித்தமிழன்

ஏமம் என்றால் காவல். அதுதான் சேமம் ஆயிற்று என்பாரும் உண்டு. சக்கரம் பிடிக்காவிட்டால் ஆழி என்று வையுங்கள். ‘சேமவாழி’ என்றால் ஏதோ பத்திரமான கடல் என்று படிப்பார்கள், அவ்வளவுதான்.
– ஏட்டுக்காரன்

ஐயா, கெடு நாளை மாலை. சக்கரம் இருக்கட்டும், அதைச் சுமப்பதற்குச் சொல்லுங்கள்.
– வரைபடக்காரன்

விலகு + ஏந்தி = விலகேந்தி. வினைத்தொகை. சின்னதாக இருக்கிறது, படத்தில் அடங்கும்.
– தனித்தமிழன்

பட்டறையில் பையனிடம் சொல்லிப் பார்த்தேன். “விளக்கேந்தியா அண்ணே?” என்றான். அவன் மேல் தப்பில்லை. சக்கரம் பின்விளக்கை மறைப்பதால் விளக்கையும் இந்தக் கையில்தான் மாட்டுகிறோம்.

வேலை செய்யும் விதத்தைப் பார்த்துப் பெயர் வையுங்கள். சக்கரம் நாற்பது கிலோ. மூடிய நிலையில் கையின் நுனி ஒரு கட்டையில் உட்கார வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குலுக்கலும் பேரிங்கையும் கொண்டியையும் அடிக்கும். திறந்த நிலையில் பிடித்து நிறுத்த ஒரு முளை வேண்டும். இல்லையென்றால் சரிவில் அதுவாக வந்து ஆளை இடிக்கும். ஒற்றைக் கதவு செய்வதையெல்லாம் இதுவும் செய்கிறது.
– பற்றவைப்பவன்

அப்படியானால் குடுமி! பழைய மரக்கதவுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி, அது குழியில் சுழலும். உங்கள் குத்துத் தண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. ‘குடுமிக்கை’ என்றால் என்ன?
– ஏட்டுக்காரன்

இந்தக் குடுமிப்பிடி விவாதத்துக்குப் பொருத்தமான பெயர்தான். தண்டுக்குக் குடுமி சரி, எடுத்துக்கொள்கிறேன். முழு அமைப்புக்கு ‘கதவுக்கை’ போதும்.
– பற்றவைப்பவன்

கதவுக்கை என்றால் கதவின் கைப்பிடி என்று நினைப்பார்களே.
– தனித்தமிழன்

படம் போய்விட்டது. சேமச்சக்கரம், கதவுக்கை, குடுமி. முதல் பக்கத்தில் மட்டும் ‘சேமச்சக்கரம் என்னும் ஸ்டெப்னி’ என்று எழுதினேன். என்னோடு சேர்த்து மூன்று பேருக்குச் சரி, ஒருவர் மறுப்பு. எல்லோருக்கும் நன்றி.
– வரைபடக்காரன்

என் மறுப்பு நிற்கிறது. அது இருக்கட்டும், கொண்டி என்று எழுதியிருக்கிறீர்களே, நெம்பி இறுக்கும் அந்தப் பிடியைக் கொண்டி என்பதா, தாழ் என்பதா?
– தனித்தமிழன்