பழைய இன்ஜின் ஸ்டாண்ட்: பின் பூட்டா, வார்ம் கியரா?

மூன்றாம்கியர்:
5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜின் ஒன்றை முழுவதுமாகப் பிரித்துக் கோக்க வேண்டியிருக்கிறது. எடை ஏறத்தாழ 500 கிலோ. இரண்டு பழைய ஸ்டாண்டுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, இன்ஜினின் முதன்மை வார்ப்பான பிளாக்கின் பின்முகத்தை நான்கு கைகளால் பிடிக்கும் வகை. 900 கிலோ தாங்கும் என்று தகட்டில் இருக்கிறது. இன்ஜினைத் திருப்பிய பிறகு துளையில் பின் (இரும்பு முளை) செருகி நிறுத்த வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டில் பிடிக்கும் கனமான பட்டறை ஸ்டாண்ட். கைப்பிடியைச் சுற்றினால் வார்ம் கியர் (திருகு போன்ற தண்டு, அதாவது வார்ம், பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) வழியாக இன்ஜின் திரும்பும். ஆனால் இன்ஜினை அதனோடு இணைக்கும் அடாப்டர் பிளேட் தொலைந்துவிட்டது, விலையும் இருமடங்கு. எதை வாங்கலாம்?

சங்கிலிக்கப்பி:
முதலாவதே போதும். 500 கிலோவுக்கு 900 கிலோ ஸ்டாண்ட் என்பது தாராளம். பின் பூட்டில் தேய்ந்துபோக ஒன்றுமில்லை; பழைய கியரை வாங்குபவரோ, அதற்கு முன் எத்தனை பேர் கிரீஸ் வைக்காமல் சுற்றினார்கள் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார். ஒரே ஒரு இன்ஜினுக்காகப் பிளேட் இல்லாத ஸ்டாண்டில் பணத்தைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வார்ப்பிரும்பு:
அந்த 900 கிலோ எவ்வளவு தூரத்தில் தொங்கும்போது என்று தகடு சொல்கிறதா? சொல்லாத வரையில் அது ஏட்டுச் சுரைக்காய்தான். பின்முகத்தில் பிடிக்கும் ஸ்டாண்டில் இன்ஜின் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்டாண்டின் கழுத்தை வளைப்பது எடை மட்டுமன்று, எடையும் தூரமும் பெருகி வரும் திருப்புத்திறன். 250 கிலோ எடையுள்ள நான்கு சிலிண்டர் இன்ஜினின் எடைமையம் தட்டிலிருந்து 35 சென்டிமீட்டரில் இருந்தால் 87.5 கிலோ-மீட்டர் (கிலோவை மீட்டரால் பெருக்கியது), உங்கள் ஆறு சிலிண்டர் நீளவாக்கு இன்ஜினுக்குக் கைகளின் நீளத்தையும் சேர்த்து 55 சென்டிமீட்டர் என்று வைத்தால் 275 கிலோ-மீட்டர். எடை இருமடங்கானால் வளைப்பு மூன்று மடங்கைத் தாண்டுகிறது. பக்கவாட்டில் பிடித்தால் அதே தூரம் 35 சென்டிமீட்டருக்குள் அடங்கி, 175 கிலோ-மீட்டரோடு நின்றுவிடும்.

இன்னொன்று: பின்முகத்தைக் கைகள் அடைத்துக்கொண்டால் ஃபிளைவீல் ஹவுசிங்கையும் பின்பக்க ஆயில் சீலையும் ஸ்டாண்டிலேயே பொருத்த முடியாது, கடைசியில் இன்ஜினைக் கிரேனில் தொங்கவிட்டபடி அந்த வேலையைச் செய்ய நேரும்.

சங்கிலிக்கப்பி:
தூரக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் கவனமாகப் பொருத்தினால் சுழல் அச்சை எடைமையத்துக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடலாம். அப்போது ஒரு கம்பியைச் செருகி ஒருவரே திருப்பிவிடலாம். மேலும், பக்கவாட்டு ஸ்டாண்ட் அந்தப் பக்கத்தில் உள்ளவற்றையெல்லாம் மறைத்துவிடுகிறது என்பதைத் தாங்கள் சொல்லவில்லை.

வார்ப்பிரும்பு:
மறைக்கத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சமன்செய்து பொருத்தியது சிலிண்டர் ஹெட்டோடு கூடிய இன்ஜினை. அந்த வார்ப்பிரும்பு ஹெட் ஏறக்குறைய 50 கிலோ. அச்சுக்கு 35 சென்டிமீட்டர் மேலே இருந்த அதைக் கழற்றிய மறுகணமே 17.5 கிலோ-மீட்டர் சமநிலை குலைகிறது. அரை மீட்டர் கம்பியின் நுனியில் 35 கிலோ மூட்டையைத் தொங்கவிட்டதற்கு அது சமம். இந்த இன்ஜினில் டேப்பெட்டுகள் (வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் தள்ளும் சிறு உருளைகள்) கேம் ஷாஃப்ட்டின் பக்கத்திலிருந்து ஏற்றப்படுபவை. கேமை உருவும்போது அவை உள்ளே விழாமலிருக்க, ஒன்று மரக்குச்சிகளை இறுக்கமாகச் செருகிப் பிடித்துவைக்க வேண்டும், அல்லது பிளாக்கைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். ஸ்டாண்ட் இருக்கும்போது எவரும் கவிழ்க்கத்தான் பார்ப்பார். கிராங்க் ஷாஃப்ட் மேலேயும் காலியான பகுதி கீழேயுமாக நிற்கும் அந்த நிலையில் பின்னை உருவினால், பிளாக் எந்தப் பக்கம் சரியலாம் என்று காத்திருக்கும். சரியான வார்ம், சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் வார்மைச் சுழற்றாது. கைப்பிடியை விட்டாலும் இன்ஜின் நின்ற இடத்திலேயே நிற்கும்.

எண்ணெய்க்கறை:
இருவருமே ஸ்டாண்டின் அடியிலுள்ள காஸ்டர் சக்கரங்களை மறந்துவிட்டீர்கள். தரை சற்றே மேடுபள்ளமாக இருந்தாலும் நான்கில் ஒன்று அந்தரத்தில் நிற்கும். மொத்தப் பாரத்தையும் மூன்று சக்கரங்கள் தாங்கும் என்று கணக்கிட்டே அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்டாண்டின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிக்கப்பி:
என் மனம் இன்னும் முழுதாக மாறவில்லை. தேய்ந்த கியரில், இன்ஜின் மேல்நிலையைக் கடக்கும்போது பல்லிடுக்கு அளவுக்குச் சட்டென்று குதிக்கும். அதை நேரில் பார்த்தவன் நான். பின் ஸ்டாண்டாக இருந்தால் செயின் பிளாக் என்ற தூக்குக் கப்பியில் பாரத்தை ஏற்றிக்கொண்டு, பிறகே பின்னை உருவித் திருப்புவேன். மெதுவான வேலைதான், ஆனாலும் ஒருவருக்கும் காயமில்லை. மூன்றாம்கியர் அவர்களே, இரண்டாவதை வாங்குவதாக இருந்தால் முதலில் தட்டை இரு கைகளாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். வெள்ளைத் துணியால் பழைய கிரீஸை வழித்து வெயிலில் விரித்துப் பாருங்கள். வெண்கலத் தூள் மின்னினால் பற்சக்கரம் கரைந்துகொண்டிருக்கிறது. கழுத்து வெல்டிங்கில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால், கேள்வி கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

மூன்றாம்கியர்:
நேற்றுப் போய்ப் பார்த்தேன். துணியில் கறுப்புதான், மினுமினுப்பு இல்லை. தட்டின் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது. வெல்டிங் முழுவதும் பழைய பெயின்ட். விரிசலைக் காட்டும் துருக்கோடு எதுவும் தென்படவில்லை. முதலாவது ஸ்டாண்டையும் பார்த்தேன்: சுழலும் குழாயின் உறை வாய்ப்பக்கத்தில் முட்டை வடிவமாக விரிந்திருந்தது. கியர் ஸ்டாண்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதமிருப்பது பிளேட்தான்.

சங்கிலிக்கப்பி:
உறை விரிந்திருந்தால் நானும் வாங்கியிருக்க மாட்டேன். பிளேட்டுக்கு 20 மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாத எஃகுத் தகடு எடுங்கள். துளைகளை ஸ்கேலால் அளக்க வேண்டாம். கனமான அட்டையைப் பிளாக்கின் பக்கவாட்டில் வைத்து அழுத்தி, சிறு சுத்தியலால் துளை விளிம்புகளில் மெல்லத் தட்டினால் கேஸ்கெட் வெட்டுவது போல வட்டங்கள் தாமாகவே பதிந்துவிடும்.

வார்ப்பிரும்பு:
அதோடு, 10.9 தர உயர்வலிமைப் போல்ட்டுகளையே போடுங்கள். வார்ப்பிரும்பில் மரை ஏறும் ஆழம் போல்ட் விட்டத்தில் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டர். துளையின் அடியில் போல்ட் முட்டிக்கொண்டு இறுகியது போல் ஏமாற்றாதபடி, ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் ஒரு கம்பி விட்டுப் பார்த்த பிறகே போல்ட்டின் நீளத்தை முடிவு செய்யுங்கள்.